காற்றுத்தாங்கியும் பின்சீட்டும்

இடிதாங்கியை உங்களுக்குத் தெரியும். கட்டடத்து உச்சியில் நிற்கிற கம்பி. இடி விழுந்தால் தன் மேல் வாங்கி மண்ணுக்குள் இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். பாராட்டு கேட்காது. மேடை கேட்காது.

காற்றுத்தாங்கி என்று இன்னொன்று இருக்கிறது. அது ஆள். குளிர்காலம் தொடங்கியதும் மோட்டார் சைக்கிளின் முன்சீட்டில் முளைக்கும். உலகத்தில் அடிக்கிற குளிர்காற்று மொத்தத்தையும் தன் ஒற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருக்கிற ஜீவனைக் காப்பாற்றிக்கொண்டு போவதாக அது நம்பும். நம்பிவிட்டுப் போகட்டும். வாயை மட்டும் மூடாது, அதுதான் தொல்லை.

வெயில் காலத்தில் இந்த இனத்தை அடையாளம் காண முடியாது. நம்மைப் போலவே சட்டை போட்டுக்கொண்டு, நம்மைப் போலவே பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டு திரியும். சீட்டின் மேல் முதல் பனி வெள்ளையாகப் படிந்த அன்றுதான் சுயரூபம் வெளியே வரும். நேற்றுவரை தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன மனிதர் அன்று உங்கள் வண்டியை மறித்துக்கொண்டு, "என்ன சார், வெறும் ஸ்வெட்டரோட கிளம்பிட்டீங்க? சாகலாம்னு முடிவா?" என்பார். நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்தால் தொலைந்தீர்கள். அரை மணி நேரம் போச்சு.

மாதிரி ஒன்று கையில் இல்லாமல் எந்த இனத்தையும் விளக்க முடியாது. என்னிடம் ஒரு மாதிரி இருக்கிறது. ரொம்ப நெருங்கிய மாதிரி. என் தங்கச்சி புருஷன். நான் மூன்றாவது மாடி, அவர்கள் முதல் மாடி. லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். பகல் முழுக்க வெதுவெதுப்பான கட்டடங்களுக்குள் ஏறி இறங்குகிற உத்தியோகம். காலையில் நாற்பது நிமிடம், திரும்பும்போது நாற்பது நிமிடம், ஆக எண்பது நிமிடம்தான் அவர் மேல் குளிர் படுகிறது. அந்த எண்பது நிமிடத்துக்கு அவர் செய்கிற ஏற்பாட்டில் ஒரு மலையேறும் குழுவை மேலே அனுப்பி, பத்திரமாகக் கீழேயும் இறக்கிவிடலாம். எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பெயர் 'அடுக்கு'. பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுக்கு ஐந்து மணிக்கு எழுந்து அடுக்கத் தொடங்குவார். உடம்போடு ஒட்டிய தெர்மல் பனியன். அதன் மேல் சட்டை. சட்டை மேல் ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நெஞ்சை மறைத்து மடித்து வைத்த செய்தித்தாள். எந்தத் தாளானாலும் ஆகிவிடாது. தலையங்கப் பக்கம் உதவாது, அதில் சூடு இல்லை என்பார். முழுப்பக்க விளம்பரம்தான் நல்லது, தாள் கெட்டி. காலுக்கு ஒரு சாக்ஸ், அதன் மேல் ரொட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் கவர், கவர் மேல் இன்னொரு சாக்ஸ். பேன்ட்டுக்கு மேல் பேன்ட். கழுத்துக்கு மஃப்ளர், தலைக்குக் குரங்குக் குல்லா, குல்லா மேல் ஹெல்மெட். கைக்கு இரண்டு ஜோடிக் கையுறை, உள்ளே ஒன்று வெளியே ஒன்று. அதுவும் போதாமல் ஹேண்டில் பிடி இரண்டிலும் தலையணை உறை மாதிரி இரண்டு பை கட்டித் தொங்கும். இரண்டு கையுறை போட்ட கையை அந்தப் பைக்குள் நுழைத்துத்தான் ஐயா வண்டி ஓட்டுவார்.

ஜாக்கெட் மாட்டிய பிறகு அவரால் குனிய முடியாது. அப்படியானால் ஷூவுக்குக் கயிறு கட்டுவது யார்? வேறு யார். ஜில்லிட்ட தரையில் ஒரு முழங்காலை ஊன்றி என் தங்கச்சி முடிச்சுப் போடும்போது, மேலே கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். "இறுக்காதம்மா. ரத்த ஓட்டம் நின்னா குளிரும்."

எல்லாம் முடிந்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, வண்டிச் சாவியைக் கையில் எடுத்ததும் அவருக்கு ஒன்றுக்கு வரும்.

வரத்தானே செய்யும்? மனுஷன்தானே? திரும்பி உள்ளே போய், இரண்டு ஜோடிக் கையுறையைக் கழற்றி, இரண்டு பேன்ட்டுக்குள் வழி தேடிக் கண்டுபிடித்து, மறுபடியும் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு வெளியே வரப் பன்னிரண்டு நிமிடம். நான் மாடியிலிருந்து கடிகாரம் பார்த்திருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் தங்கச்சி வண்டிக்குப் பக்கத்தில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நிற்பாள். ஒரு ஸ்வெட்டர், ஒரு சால்வை. அவ்வளவுதான் அவள் அடுக்கு.

இதைப் பற்றி நான் ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"குளிர்னா என்ன மச்சான்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். கேள்வியோடு பதிலையும் கையோடு கொண்டுவருவது இந்த இனத்தின் பொதுக் குணம். "குளிர்ங்கிறது காத்து. காத்து இல்லேன்னா குளிர் இல்ல. வண்டியில காத்து யாரு மேல படுது? முன்னாடி இருக்கிறவன் மேல. பின்னாடி இருக்கிறவங்களுக்கு என்ன கஷ்டம்? சுவத்துக்குப் பின்னாடி உக்காந்த மாதிரி. பூச்சு சுவத்துக்குத்தான் மச்சான் வேணும்."

இந்த வாக்கியத்தை நான் வேறு எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? சும்மா கடைத்தெருவரைக்கும் போனதைச் சொல்லாதீர்கள். பனிக்காலத்தில், நாற்பது நிமிடம். வண்டி செய்தவன் பின்சீட்டை முன்சீட்டைவிட அரை அடி உயரத்தில் வைத்திருக்கிறான். அதனால் சுவர் முன்னால் இருந்தாலும் தலை சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுக்கின் ஹெல்மெட் உச்சியில் வழுக்கி வருகிற காற்று முழுவதும் தங்கச்சி முகத்துக்குத்தான் போகிறது. அவர் ஹெல்மெட்டுக்கு முன்னால் கண்ணாடி உண்டு. அவள் தலையில் இருப்பது அவர் போட்டுக் கழித்த பழசு. கண்ணாடி உடைந்து மூன்று வருஷம். "பின்னாடிதான் காத்தே வராதே, கண்ணாடி எதுக்கு?" என்பார். முன்னால் இருப்பவருக்காவது கிளட்ச், பிரேக், கியர் என்று கையும் காலும் அசைகிறது. பின்னால் இருப்பவர் மூட்டை. வைத்த இடத்தில் விறைத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கையை எங்கே வைப்பது? அவர் தோளில் வைத்தால், "அமுக்காதம்மா, ஜாக்கெட்டுக்குள்ள இருக்கிற சூடு போயிடும்." அவர் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளலாம் என்றால், "பாக்கெட்டைத் திறக்காத, காத்து உள்ள வந்துடும்." மிச்சம் இருப்பது சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கம்பி. இரவெல்லாம் பனியில் ஊறிய கம்பி. நாற்பது நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

கையுறை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அவளே பார்த்துப் பார்த்து வாங்கியது. நெருக்கமான கம்பளிப் பின்னல், கைக்குக் கச்சிதம். மூன்று நாள் போட்டாள். நான்காவது நாள் அடுக்கு அதை விளையாட்டாகத் தன் கையில் இழுத்து மாட்டிப் பார்த்தார். கம்பளி இழுபட்டுக் கொடுத்தது. அவர் முகம் மலர்ந்தது. "அட, உள்ள போடறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!" அன்றைக்கு உள்ளே போனது உள்ளேயே இருந்துவிட்டது. அவர் கையிலிருந்த உள் கையுறை என்று மேலே சொன்னேனே, அது இதுதான். பதிலுக்கு அவளுக்குத் தன் பழைய தோல் கையுறையைக் கொடுத்தார். இரண்டு அளவு பெரிசு. கட்டைவிரல் பக்கம் தையல் விட்டது. "பெருசா இருந்தாத்தான் உள்ள காத்து தங்கும்" என்றார். தங்கியது. குளிர்காற்று.

இதில் என்ன பெரிய குடி முழுகிப் போயிற்று, கொஞ்சம் குளிர்ந்தால் குளிரட்டுமே என்கிறீர்களா? என் தங்கச்சி வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வருகிறவர்கள் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள். ஆறே முக்காலுக்கு முதல் ஆள் வெறும் வயிற்றோடும் முழு எரிச்சலோடும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான், அதனால்தான் இந்தப் பின்சீட்டு. ரத்தம் எடுப்பது விரல் வேலை. நரம்பைக் கண்ணால் தேடுகிறவர்கள் கத்துக்குட்டிகள். தெரிந்தவர்கள் விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிப்பார்கள். அந்த விரல் நுனி இரும்புக் கம்பியோடு இரும்பாகப் போயிருந்தால் எதைத் தடவி எதைக் கண்டுபிடிப்பது?

ஒருநாள் கசாப்புக்கடைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சர்க்கரை பார்க்க வந்தவர். உலக்கை மாதிரி கை. முதல் குத்தில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவதில் மனிதர் எழுந்துவிட்டார்.

"நானே ஒரே வெட்டுல முடிச்சிடுவேன்மா. நீ என்ன இந்தக் குத்து குத்துற?"

போகிற போக்கில் புகார் எழுதிப் போட்டுவிட்டுப் போனார். அதற்கு முந்தின வாரம்தான் இன்னொருவர் எழுதியிருந்தார். பொறுப்பாளர் அம்மா தங்கச்சியை அறைக்குள் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை. சுற்றி வளைக்காத மனுஷி.

"மாசக் கடைசியில உன்னை நிரந்தரம் பண்ணலாம்னு இருந்தேன். ரெண்டு புகார் வந்தாச்சு. மூணாவது வந்தா இந்த நாற்காலி கிடையாது, பாட்டில் கழுவற தொட்டிக்குத்தான் போகணும். என்னைத் திட்டாத, உன் கையைத் திட்டிக்கோ."

மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் அவள் நேராக என் மாடிக்கு வந்தாள். அழவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சட்டென்று அழ மாட்டோம்; முதலில் கோபப்படுவோம்.

"அண்ணே, ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் கோரிக்கை எழுதிக் குடுத்தியே. எனக்கு ஒண்ணு எழுது."

"யாருக்கு எதிரா?"

"முன்சீட்டுக்கு எதிரா."

எழுதினேன். தொழிற்சங்கத்தில் எழுதிப் பழகின கை. ஒன்று, பறிமுதல் செய்யப்பட்ட கம்பளிக் கையுறை உடனடியாகத் திருப்பித் தரப்பட வேண்டும். இரண்டு, ஜாக்கெட் பாக்கெட்டுகள் இரண்டும் பின்சீட்டுப் பயணியின் கைகளுக்குத் திறந்துவிடப்பட வேண்டும். மூன்று, ஒன்றுக்குப் போவது முதல் அடுக்குக்கு முன்னாலேயே முடிக்கப்பட வேண்டும். இதில் ஏதாவது அநியாயம் உண்டா? முதலாளிகள்கூட மூன்றாவதுக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு நானும் கீழே போயிருந்தேன். தங்கச்சி தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு மூன்றையும் வாசித்தாள். அடுக்கு பொறுமையாகக் கேட்டார். இந்த இனம் பொறுமையாகத்தான் கேட்கும். கேட்பதில் அதற்கு நஷ்டம் ஒன்றும் இல்லையே.

"அடிப்படையிலேயே தப்பும்மா" என்றார். "பின்னாடி குளிர் இருக்குன்னு வெச்சுக்கிட்டுப் பேசற. இல்லாத குளிருக்குக் கிளவுஸ் எதுக்கு?"

"விரல் மரத்துப் போகுதுங்க."

"அது குளிர் இல்ல. உனக்கு இரும்புச் சத்து கம்மி."

"நாப்பது நிமிஷம் இரும்பைத்தானே பிடிச்சுக்கிட்டு வர்றேன்? இன்னும் எவ்வளவு சத்து ஏறணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் குடித்து மறைத்தேன்.

"நீ விளையாட்டா எடுத்துக்கற" என்றார் அடுக்கு, உண்மையான வருத்தத்தோடு. "தினமும் அந்தக் காத்தை வாங்கறது யாரு? நான் வாங்கலேன்னா நீ வாங்கணும். ஒரு நாளாவது அதை நினைச்சுப் பாத்தியா?"

தங்கச்சி நினைத்துப் பார்த்தாள். முகத்தில் தெரிந்தது.

"அப்ப முன்னாடி இருக்கிறவங்களுக்குத்தான் குளிர்?"

"அதைத்தானே சொல்றேன்."

"பின்னாடி?"

"துளிகூடக் கிடையாது."

"அண்ணே, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன்."

"நாளைக்கு நான் ஓட்டறேன்" என்றாள்.

அவள் வண்டி ஓட்டுவாளா என்று சந்தேகம் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் என் பழைய வண்டியில் சங்கத்து நோட்டீஸ் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிவந்தவள் அவள்தான். அடுக்கும் மறுக்கவில்லை. ஒரு நாளாவது சுவருக்குப் பின்னால் சுகமாக உட்கார்ந்து போகலாம் என்று அவருக்கும் ஆசை வந்திருக்க வேண்டும். தன் கொள்கையை அவர் அந்த அளவுக்கு நம்பினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

மறுநாள் காலை நான் முன்னாலேயே கீழே இறங்கி நின்றேன். இப்படிப்பட்ட காட்சியை மாடியிலிருந்து பார்ப்பது பாவம். காவல்காரர் இருந்தார். ரொட்டி இறக்க வந்த வண்டிக்காரர் இருந்தார். அடுக்கு வழக்கம்போல முழு அலங்காரத்தில், அலமாரி நடந்து வருவது போல வந்து நின்றார்.

"கழட்டுங்க" என்றாள் தங்கச்சி.

"என்னது?"

"முன்னாடி நான்தானே உக்காரப் போறேன்? பூச்சு சுவத்துக்குத்தானே?"

அடுக்கு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ரொட்டி வண்டிக்காரர் ரொட்டியை மறந்துவிட்டு நின்றார். தன் வாயிலிருந்து வந்த கொள்கை. மூன்று வருஷமாக இதே இடத்தில் நின்று இதே ஆட்களுக்கு அவர் போதித்த கொள்கை. என்ன செய்வார்? ஹெல்மெட் இறங்கியது. குரங்குக் குல்லா இறங்கியது. மஃப்ளர், வெளிக் கையுறை, உள் கையுறை, ஜாக்கெட். நெஞ்சிலிருந்து ஒரு முழுப்பக்க மெத்தை விளம்பரம் நழுவித் தரையில் விழுந்தது.

"வெங்காயம் மாதிரி உரிச்சுக்கிட்டே இருக்கீங்களே அடுக்கு சார்" என்றார் காவல்காரர், நிஜமான அக்கறையோடு. "கடைசியில உள்ள ஆள் இருக்கீங்களா?"

பேன்ட்டுகளை மட்டும் தங்கச்சி கேட்கவில்லை. குடும்ப மானம்.

ஜாக்கெட் அவளுக்கு முழங்கால்வரை வந்தது. மெத்தை விளம்பரத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தன்னுடைய கம்பளிக் கையுறையை முதலில் போட்டு, அதன் மேல் அவருடையதைப் போட்டு, கைகளை ஹேண்டில் பைக்குள் நுழைத்தாள். அவருக்குச் சால்வையும், கண்ணாடி இல்லாத ஹெல்மெட்டும், தையல் விட்ட தோல் கையுறையும் கிடைத்தன. வண்டி கிளம்பியது. ரொட்டி வண்டிக்காரர் கை தட்டினார்.

இதற்கு மேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. தங்கச்சி சொன்னது. அவள் பொய் சொல்ல மாட்டாள். சொன்னாலும் இவ்வளவு நன்றாகச் சொல்ல வராது.

முதல் சிக்னலில் ஒரு கை மெதுவாக வந்து அவள் ஜாக்கெட் பாக்கெட்டைத் தடவியிருக்கிறது. "பாக்கெட்டைத் திறக்காதீங்க, காத்து உள்ள வந்துடும்" என்றிருக்கிறாள். கை திரும்பிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பாலம் ஏறும்போது, "ஏம்மா, கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்" என்று ஒரு குரல். "ஏன்? காத்து அடிக்குதா?" கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் அரை மணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசாமல் வந்தது அன்றுதான் என்றாள்.

நிலையத்து வாசலில் வண்டி நின்றது. இறங்கினார். இறங்கியும் உட்கார்ந்த வாக்கிலேயே நின்றார். முழங்கால் நிமிரவில்லை. பல் தந்தி அடித்தது. உதடு கத்தரிக்காய் நிறம். கதவைத் திறக்க வந்த பொறுப்பாளர் அம்மா பதறிப்போய், "யாரு இவரு? என்ன நடுக்கம் நடுங்கறாரு! என்னங்க பண்ணுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

பாவம், அந்த மனிதரின் இக்கட்டை யோசித்துப் பாருங்கள். குளிர்கிறது என்றால் கொள்கை போய்விடும். காய்ச்சல் என்றால் ஊசி வரும். ஒருபக்கம் மூன்று வருஷத்துத் தத்துவம், இன்னொருபக்கம் கையில் ஒரு குத்து.

"கா... கா... காய்ச்சல்" என்றார்.

கொள்கைக்காக ரத்தம் சிந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சிந்தியவர் இவர் ஒருவர்தான்.

பொறுப்பாளர் அம்மா தங்கச்சியைப் பார்த்தார். "இவரையே முதல்ல எடு. நான் நின்னு பாக்கறேன்."

மூன்றாவது புகாருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. குளிரில் நரம்பெல்லாம் உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும். அடுக்கின் கையோ சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒரு நரம்பு வெளியே தெரியவில்லை. அவள் விரலை வைத்தாள். விரல் வெதுவெதுப்பாக இருந்தது. நாற்பது நிமிடம் இரண்டு கையுறைக்குள்ளும் ஒரு பைக்குள்ளும் பத்திரமாக வந்த விரல். தடவினாள். ஓர் இடத்தில் நூல் மாதிரி ஒன்று விரலுக்குக் கீழே அசைந்தது. ஒரே குத்து. குழாயில் ரத்தம் ஏறியது.

"இந்த நரம்பு எனக்கே கிடைச்சிருக்காது" என்றார் பொறுப்பாளர் அம்மா. "ஆமா, யாரு இவரு?"

"என் வீட்டுக்காரருதான் மேடம்."

அடுத்த ஆள் கசாப்புக்கடைக்காரர். மறுபடியும் சர்க்கரை பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

"குத்தும்மா. இன்னிக்கு எத்தனைன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு."

"முடிஞ்சு போச்சுங்க."

கண்ணைத் திறந்து குழாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "தொழில்னா இது" என்றார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குக் கொடுக்கிற சான்றிதழுக்கு மேல் சான்றிதழ் கிடையாது. அடுக்குக்குக் காய்ச்சல் இல்லை என்று மத்தியானம் முடிவு வந்தது. இரும்புச் சத்தும் சரியாக இருந்தது. மூன்றாவது புகார் வரவே இல்லை. மாதக் கடைசியில் நிரந்தர உத்தரவு வந்தது.

அடுக்கு திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் நான் இவ்வளவு நேரம் சொன்னதை நீங்கள் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலமே வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். நடுவில் அடுக்கு. காவல்காரரும் இரண்டாம் மாடித் தையல்காரரும் சிக்கியிருந்தார்கள்.

"எல்லாரும் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காங்க" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். "குளிர் முன்னாடி இல்ல. பின்னாடிதான். முன்னாடி இருக்கிறவங்களுக்கு எஞ்சின் சூடு வருது, கை கால் அசையுது. பின்னாடி இருக்கிறவன்தான் பாவம், மூட்டை மாதிரி விறைச்சுப் போறான். இத யாருமே இதுவரைக்கும் சொன்னதில்ல. நானே உக்காந்து பாத்துக் கண்டுபிடிச்சேன்."

யாருமே சொன்னதில்லையாம். நான்கு அடி தள்ளி, கையில் காய்கறிப் பையோடு தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாளும் அவள்தான் ஓட்டினாள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. நான் கீழே இறங்கிப் பார்த்தால், பின்சீட்டில் ஏற அலமாரி ஒன்று நடந்து வருகிறது. தெர்மல், சட்டை, ஸ்வெட்டர், விளம்பரம், ஜாக்கெட், மஃப்ளர், குல்லா. "குளிர் பின்னாடிதானே மச்சான்?" என்றது அது. ஒரே நாளில் கொள்கை முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு மாறியிருந்தது. ஜாக்கெட் அவர் உடம்பிலிருந்து இம்மி நகரவில்லை. குளிர் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவர் எங்கே உட்காருகிறாரோ அங்கே.

தங்கச்சி சண்டை போடவில்லை. கம்பளிக் கையுறையைத் திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான். அந்த வாரமே கடைக்குப் போய்த் தனக்கென்று ஒரு ஜாக்கெட்டும் வாங்கிக்கொண்டாள். எப்படி இழுத்தாலும் அவர் தோளில் ஏறாத அளவில்.

பூச்சு சுவருக்குத்தான் வேண்டும் என்கிற அந்த வாக்கியத்தை வேறு எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று சொன்னேனே. கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஆலை வாசலில் ராவும் பகலும் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு குளிர்காலத்தில், மூடின காரில் வந்து இறங்கி, கம்பளிக் கோட்டோடு மேடை ஏறி, "அடி விழுந்தால் முதல் அடி என் முதுகில்தான் தோழர்களே" என்று முழங்கிவிட்டு, அதே காரில் ஏறிப் போனவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நஷ்டத்தையெல்லாம் தானே சுமப்பதாக, காலடியில் ஹீட்டரை வைத்துக்கொண்டு, எங்களை நிற்க வைத்துச் சொன்ன நிர்வாகியிடமும் கேட்டிருக்கிறேன். குடும்பத்துக்காகவே உழைத்துத் தேய்வதாகச் சொல்கிற வீட்டுத் தலைவர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். காற்றுத்தாங்கியாக இருக்க எல்லோருக்கும் மோட்டார் சைக்கிள் தேவைப்படுவதில்லை.

இதையெல்லாம் தங்கச்சியிடம் ஒருநாள் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டும் என்னவாம் அண்ணே?" என்றாள். "நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கிட்டு விடியக்காலையில பனியில சுத்தினது யாரு? நீ அடுப்புப் பக்கத்துல உக்காந்து, எழுதறதுதான் கஷ்டம்னு சொல்லிக்கிட்டு இருந்தே."

தேநீர் நல்ல சூடாக இருந்தது. அதை மட்டும் கவனித்துக் குடித்தேன்.

உங்களுக்கு இந்தச் சிக்கல் இருக்காது. நீங்கள் நியாயமானவர், இதுவரை படித்து, தெரிந்த ஆட்கள் நான்கு பேரை மனசுக்குள் நினைத்துச் சிரித்தும் இருப்பீர்கள். நல்லது. நாளைக் காலையில் கிளம்பும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வெளிக் கையுறையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இன்னொரு கையுறை இருந்தால், அது யாருடையது என்று திரும்பிப் பார்த்துக் கேளுங்கள்.